பசு சிகித்சாலயத்தின் வாசலில் ஒரு நாய்

ஆய்வுப் படிப்புக்காக வட இந்தியா வந்த முதல் மாதத்தில், பல்கலைக்கழகத்துக்குப் போகும் வழியில் 'ராஜகீய பசு சிகித்சாலய்' என்ற பெயர்ப்பலகையைக் கண்டு, பசுக்களுக்கென்று தனியாக ஓர் அரசு மருத்துவமனை இருக்கிறது போலும் என்று நினைத்துக்கொண்டேன். இந்தியில் 'பசு' என்பது விலங்குகள் அனைத்தையும் குறிக்கும் என்று சொல்லி நண்பர்கள் சிரித்தார்கள். நான்கு ஆண்டுகள் கழிந்தபின், என் தமிழ்க் காது அன்று அவ்வளவு தவறாகக் கேட்கவில்லை என்றே தோன்றுகிறது. நம் ஊரிலும் அதன் பெயர் 'கால்நடை' மருத்துவமனைதான். பால் தருவது, உழுவது, இறைச்சியாவது ஆகியவற்றுக்காகக் கட்டப்பட்ட அமைப்பு அது. நாய் அதன் வாசலில் விருந்தாளியாகவே நிற்கிறது.

இதை எழுதத் தூண்டியது சென்ற குளிர்காலத்தில் நடந்த ஒரு நிகழ்வு. எங்கள் விடுதியில் துப்புரவுப் பணி செய்யும் ஒரு தாயின் பத்து வயது மகன், தெருவில் கிடந்த குட்டியொன்றைத் தூக்கிவந்து ஷேரு என்று பெயரிட்டு வளர்த்தான். குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் ஊசி போட வேண்டும் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அரசு மருத்துவமனையில் ரேபீஸ் தடுப்பூசி இருப்பில் இல்லை, வெளியே வாங்கி வரச் சொன்னார்கள். தனியார் மருத்துவமனையில் ஊசிக்குத் தனி விலை சொல்லவில்லை. ஆலோசனைக் கட்டணம், குடற்புழு நீக்கம், உண்ணி மருந்து, நகம் வெட்டுதல் எல்லாம் சேர்ந்த 'ஆரோக்கியத் தொகுப்பு' ஒன்றின் விலையைச் சொன்னார்கள். அவருக்கு அது ஒரு வாரக் கூலிக்கு மேல். பிறகு மாநகராட்சி வண்டி தெருநாய்களுக்குத் தடுப்பூசி போட வந்தபோது குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அதன் கழுத்தில் பழைய துணிக்கயிறு கட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு, "இது வீட்டு நாய், உரிமையாளர்தான் போட்டுக்கொள்ள வேண்டும்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

இரண்டு மாதங்களுக்குப் பிறகு ஷேருவுக்கு வலிப்பு வந்தது, வாயில் நுரை தள்ளியது. தூக்கப்போன சிறுவனின் கையைக் கடித்தது. ஆறாம் நாள் இறந்தது. டிஸ்டெம்பரா, ரேபீஸா? இரண்டிலும் இப்படி நேரலாம். மூளைத் திசுவைப் பரிசோதித்தால் ரேபீஸ் உண்டா இல்லையா என்று தெரிந்திருக்கும். ஆனால் உடலைக் குப்பை வண்டி கொண்டுபோய்விட்டது. கடித்த நாய் பத்து நாள் நலமாக இருந்தால் பயமில்லை என்பது விதி. இங்கே பத்து நாள் நிறையவில்லை. சிறுவனுக்கு அரசு பொது மருத்துவமனையில் இம்யூனோகுளோபுலினும் 0, 3, 7, 28ஆம் நாள்களில் தடுப்பூசியும் போடப்பட்டன. எல்லாம் இலவசம். ஆனால் அந்தத் தாய்க்கு நான்கு நாள் கூலி போயிற்று. அதைவிட, பிள்ளை தண்ணீர் குடிக்கும் ஒவ்வொரு முறையும் அவர் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மாதங்களுக்குக் கணக்கே இல்லை. சிறுவன் நலமாக இருக்கிறான். ரேபீஸின் அறிகுறிகள் தோன்றிவிட்டால் பிழைப்பது அரிதினும் அரிது என்பதை அவருக்கு நான் சொல்லவில்லை, அவருக்கே தெரிந்திருந்தது.

இதில் யாரும் சட்டத்தை மீறவில்லை என்பதே என்னை உறுத்துகிறது. 2023ஆம் ஆண்டின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் நாய்களை இரண்டாகப் பிரிக்கின்றன. வீட்டு நாயின் தடுப்பூசி, குடற்புழு நீக்கம், கருத்தடை ஆகியவை உரிமையாளரின் பொறுப்பு. தெருநாய்க்கு உள்ளாட்சி அமைப்பு பொறுப்பு. காகிதத்தில் பிரிவினை தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் குடிசைப் பகுதிகளிலும் சிற்றூர்களிலும் நாம் காணும் நாய்களில் பல இரண்டிலும் சேராதவை. அவற்றுக்குப் பெயர் உண்டு, உரிமம் இல்லை. சோறு போடும் வீடு உண்டு, படுக்கத் தெரு. பகலில் தெருநாய், இரவில் காவல் நாய். அத்தகைய நாயை அன்புடன் வளர்க்கும் ஏழைக்குச் சட்டம் 'உரிமையாளர்' என்ற பட்டத்தைக் கொடுத்து, தடுப்பூசிக்கான செலவையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறது. அவர் அந்த நாயைக் கைவிட்டிருந்தால் ஊசி இலவசமாகக் கிடைத்திருக்கும்!

"உரிமையாளர் இருக்கும்போது அரசு ஏன் செலவிட வேண்டும்?" என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் கேள்வி. எருமைக்கு உரிமையாளர் இல்லையா? 2019இல் தொடங்கப்பட்ட தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்கீழ் கோமாரி நோய்க்கும் புருசெல்லா நோய்க்கும் தடுப்பூசி போடும் செலவு முழுவதையும் மத்திய அரசே ஏற்றது. வீட்டு வாசலுக்கே வந்து ஊசி போட்டு, காதில் பன்னிரண்டு இலக்க அடையாள வில்லை மாட்டிப் போகிறார்கள். "உங்கள் மாடு, உங்கள் பொறுப்பு" என்று எந்த விவசாயியையும் திருப்பி அனுப்புவதில்லை. அனுப்பக் கூடாது என்பதே என் கருத்தும். ஏனெனில் தொற்றுநோய் தொழுவத்தின் வேலியை மதிப்பதில்லை. அந்த அறிவைக் கொண்டுதான் வெக்கை நோய் எனப்படும் ரிண்டர்பெஸ்டை ஒழித்தோம். 2006இல் இந்தியாவும் 2011இல் உலகமும் அந்நோயற்றவையாக அறிவிக்கப்பட்டன. கால்நடைகளைக் கொன்ற ஒரு நோய்க்கு இவ்வளவு செய்த நாடு, மனிதனைக் கொல்லும் ஒரு நோயை 'உரிமையாளரின் பொறுப்பு' என்ற சொற்றொடரில் அடைத்துவைப்பதற்கு என்ன நியாயம்? ஒரே நியாயம்தான் தெரிகிறது. மாடு வருமானம், நாய் செலவு.

இனி நம்மவர்களிடம் வருகிறேன். கருத்தரங்குகளில் இதைப் பேசினால் முற்போக்கு நண்பர்கள் புன்னகைக்கிறார்கள்: "மனிதருக்கே மருத்துவம் கிடைக்காத நாட்டில் நாய்க்கு மருத்துவமா? இது நடுத்தர வர்க்கத்தின் பொழுதுபோக்கு." ரேபீஸால் இந்தியாவில் ஆண்டுக்கு 18,000 முதல் 20,000 பேர் வரை இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் நெடுங்காலமாகச் சொல்லிவந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் அண்மைய கள ஆய்வு அதைச் சுமார் 5,700 எனக் குறைத்து மதிப்பிடுகிறது. குறைந்த எண்ணையே எடுத்துக்கொள்வோம். ஊசி இருந்தும் அத்தனை பேர் சாகிறார்கள். அதே ஆய்வின்படி, விலங்குக் கடி பட்டவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் தடுப்பூசி எதையும் போட்டுக்கொள்ளவில்லை. இறப்பவர் யார் என்று நினைக்கிறீர்கள்? தொகுப்பு வாங்கிய வீட்டின் பிள்ளைகளா? நாய்க்குப் போடும் ஊசி மனித மருத்துவத்திலிருந்து பிடுங்கியதல்ல. ஏழைக் குழந்தைக்கு முன்கூட்டியே செய்யும் மருத்துவம். அதை வர்க்க ஆடம்பரம் என்பவர், அது இப்போது ஆடம்பரமாக்கப்பட்டிருக்கும் நிலையையே இயற்கை என்று ஏற்றுக்கொள்கிறார்.

மறுபக்கத்தில் நாய் நேசர்கள். வளாகத்தில் மாலைதோறும் பிஸ்கட்டு போடும் கரங்களை நான் பழிக்கவில்லை. ஆனால் நீங்கள் உணவளிக்கும் பத்து நாய்களில் எத்தனைக்கு இந்த ஆண்டு ஊசி போடப்பட்டது என்று கேட்டால் உங்களில் எத்தனை பேரால் சொல்ல முடியும்? 2025 ஆகஸ்டு 11 அன்று உச்ச நீதிமன்றம் தில்லித் தெருநாய்களைக் காப்பகங்களில் அடைக்கச் சொன்னதும், 22ஆம் தேதி அதைத் திருத்தி, வெறிபிடித்தவையும் மூர்க்கமானவையும் நீங்கலாக மற்றவற்றைக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து பிடித்த இடத்திலேயே விடச் சொன்னதும் நினைவிருக்கும். அந்தப் பதினோரு நாளும் நாம் இரண்டு கட்சியாகப் பிரிந்து கத்தினோம். "அப்புறப்படுத்து" என்றது ஒரு கட்சி, "தொடாதே" என்றது மற்றொன்று. எத்தனை நாய்களுக்கு ஊசி போடப்பட்டிருக்கிறது என்ற கேள்வி எந்தப் பதாகையிலும் இல்லை. ஊசி போட்ட நாயை அப்புறப்படுத்தினால் அந்த இடத்துக்கு ஊசி போடாத நாய் வரும். தொடாமலே விட்டாலும், பிறக்கும் குட்டிகளால் ஊசி போடப்பட்டவற்றின் விகிதம் ஆண்டுதோறும் சரியும். இரண்டு முழக்கங்களும் போய்ச் சேரும் இடம் ஒன்றுதான்.

வழி தெரியாமல் நாம் தவிக்கவில்லை. ஒரு பகுதியின் நாய்களில் 70 விழுக்காட்டுக்குத் தொடர்ந்து தடுப்பூசி போட்டுவந்தால் நோயின் சங்கிலி அறும் என்பது நிறுவப்பட்ட உண்மை. கோவாவில் 2013 முதல் 2019 வரை நடந்த திட்டத்தில், கைப்பேசி வரைபடத்துடன் தெருத்தெருவாகச் சென்று, வீட்டு நாய், தெருநாய் என்ற பேதமின்றி ஊசி போட்டார்கள். திட்டத்தின் இறுதியில் ஆண்டுக்கு 95,000க்கும் மேற்பட்ட நாய்கள். மனித மரணங்கள் நின்றன. நாய்களிடையே மாதாந்தர ரேபீஸ் பாதிப்பு 92 விழுக்காடு குறைந்தது. அங்கே வண்டியில் வந்தவர்கள் கழுத்துக்கயிறைப் பார்த்துக் குட்டியைத் திருப்பி அனுப்பவில்லை. 2030க்குள் நாய்வழி ரேபீஸை ஒழிப்போம் என்று 2021 செப்டம்பர் 28 அன்று ஒன்றிய அரசு வெளியிட்ட தேசியச் செயல்திட்டத்தின் இலக்கும் அதே 70 விழுக்காடுதான். திட்டம் இருக்கிறது. ஷேருவுக்குத்தான் அதில் இடம் இல்லாமற்போயிற்று.

தனியார் மருத்துவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமன்று. வாடகையும் குளிர்பதனப் பெட்டியும் ஊதியமும் அவர்களுக்கும் உண்டு. ஆனால் நகம் வெட்டுவதும் ரேபீஸ் ஊசியும் ஒரே தொகுப்பில் விற்கப்படக் கூடாது. முன்னது என் நாய்க்கு மட்டும் பயன். பின்னது தெருவுக்கே பயன். தெருவுக்குப் பயனானதற்குத் தெருவின் பணம், அதாவது பொதுப்பணம் செல்ல வேண்டும்.

ஆகவே கோரிக்கைகள் எளியவை. உரிமையாளர் உண்டா இல்லையா என்று கேளாமல், வரும் ஒவ்வொரு நாய்க்கும் பூனைக்கும் எல்லா அரசுக் கால்நடை மருத்துவமனைகளிலும் ரேபீஸ் ஊசி இலவசமாகப் போடப்பட வேண்டும். தனியார் மருத்துவமனைகளும் அரசு வழங்கும் மருந்தைக் கொண்டு, ஊசி போடும் கூலியை மட்டும் அரசிடம் பெற்று, அதைச் செய்யலாம். நகராட்சி உரிமம் தண்டனைச் சீட்டாக இல்லாமல் தடுப்பூசி அட்டையாக மாற வேண்டும். பல்கலைக்கழகங்கள் தம் வளாக நாய்களின் தடுப்பூசிக் கணக்கை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். அதைக் கேட்பது நம் பேரவைகளின் வேலை.

கடைசியாக ஒன்று. பொதுச் சுகாதாரத்தைப் பற்றி ஆய்வேடு எழுதிக்கொண்டிருப்பவன் நான். அந்தக் குட்டியை நாள்தோறும் விடுதி வாசலில் பார்த்தேன், தலையைத் தடவினேன். அதற்கு ஊசி போட்டாயிற்றா என்று ஒரு நாளும் கேட்கவில்லை. அந்தத் தொகுப்பின் விலை, நான் சென்ற ஆண்டு கட்டிய ஒரு கருத்தரங்கின் பதிவுக் கட்டணத்தைவிடக் குறைவு. நான் கொடுத்திருக்கலாம், கொடுத்திருக்க வேண்டும். ஆனால் அப்படிக் கொடுத்திருந்தால் ஒரு நாய் பிழைத்திருக்கும், இந்தப் பதிவும் எழுதப்பட்டிருக்காது, அடுத்த தெருவின் குட்டி அதே மூன்று வாசல்களிலும் நின்று திரும்பியிருக்கும். ஒரு சிறுவனின் உயிர், பக்கத்து அறை ஆய்வாளனின் ஈகைக் குணத்தை நம்பி இருக்கக் கூடாது.