சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்

மாத்தளையிலிருந்து ஏ9 வீதியில் வடக்கே, அலுவிகாரையைத் தாண்டிச் சென்றால் பலாபத்வல. அங்கு வசிக்கும் தங்கையின் வீட்டுக்கு அண்மையில் சென்றிருந்தேன். உயர்தரம் படிக்கும் மருமகளிடம் 2 ஜிகாபைட் நினைவகம் கொண்ட பழைய கணினி ஒன்று இருக்கிறது. "ஒங்க பேப்பரத் தொறந்தாத்தான் மாமா, இது நின்னு போகுது" என்றாள். சோதித்துப் பார்த்தேன். அவள் சொன்னது பொய்யில்லை.

கணினி பழசாகிவிட்டது, புதிது வாங்க வேண்டும் என்பதே வீட்டாரின் தீர்ப்பு. 2022 இல் டொலரின் விலை 200 ரூபாயிலிருந்து சில வாரங்களில் 350 ரூபாயைத் தாண்டியதை அனுபவித்த குடும்பத்துக்கு அது எளிதில் சொல்லக்கூடிய தீர்ப்பன்று. குற்றவாளியும் கணினி அன்று என்பது என் கருத்து.

முன்னைய உலாவிகள் திறந்திருந்த பக்கங்கள் பலவற்றையும் ஒரே செயல்முறைக்குள் வைத்திருந்தன. ஒரு பக்கம் சிக்கினால் எல்லாமே சிக்கும். 2008 செப்டெம்பரில் வந்த கூகிள் குரோம் பக்கங்களைத் தனித்தனிச் செயல்முறைகளாகப் பிரித்தது. பயர்பொக்ஸ் 2016 முதல் அவ்வழியில் வந்தது. ஒன்று விழுந்தாலும் மற்றவை பிழைக்கும். ஆனால் ஒவ்வொன்றும் தனக்கெனக் கொஞ்சம் நினைவகம் கேட்கும். 2018 இல் 'ஸ்பெக்டர்' என்னும் செயலிக் குறைபாடு வெளிப்பட்டபின், ஒரே பக்கத்துக்குள் இருக்கும் வேற்றுத் தளத்துச் சட்டகங்களையும் குரோம் பிரித்து வைக்கலாயிற்று. இதனால் நினைவகச் செலவு 10 முதல் 13 சதவீதம் வரை கூடுமெனக் கூகிளே கூறியது. பாதுகாப்புக்குக் கொடுக்கும் நியாயமான விலைதான் அது.

ஆனால் அந்தச் சட்டகங்களில் பெரும்பாலானவை எவை? விளம்பரங்கள். நினைவகம் நிரம்பியதும் கணினி வன்தட்டில் எழுதி எழுதி எடுக்கிறது. வன்தட்டோ நினைவகத்தைவிடப் பன்மடங்கு மந்தமானது.

இழைகளின் கதையும் இதுவே. ஒரு பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்ட் பெரும்பாலும் ஒரே பிரதான இழையில் ஓடுகிறது. பக்கத்தை அடுக்குவதும் வாசகரின் சொடுக்குக்குப் பதில் சொல்வதும் அதே இழையே. செய்தி மேசையில் ஓர் உதவி ஆசிரியரே பிழையும் திருத்தி, தொலைபேசியும் எடுத்து, பக்கமும் கட்டுவது போன்றது அது. அவரை விளம்பரக்காரர் பேச்சில் பிடித்துக்கொண்டால் பத்திரிகை நின்றுவிடும்.

இத்தனைக்கும் செய்தியின் எடை என்ன? ஒருங்குறியில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் அனுப்பும்போது 3 பைட் எடுக்கும். ஆங்கில எழுத்துக்கு 1 போதும். அப்படியிருந்தும் இதுபோன்ற ஒரு கட்டுரை 10, 12 கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும். அதைச் சுமந்துவரும் பக்கமோ பல மெகாபைட். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்!

உலாவி செய்வோர் தம்மாலானதைச் செய்கின்றனர். பார்க்காத பக்கங்களை உறங்கவைக்கும் வசதியைக் குரோம் 2022 இறுதியில் அறிமுகம் செய்தது. ஆனால் திரும்பச் சென்றால் அந்தப் பக்கம் மீண்டும் இறங்கும், டேட்டாவும் செலவாகும். பக்கத்தைச் செய்கின்ற நாம் திருந்தாமல் உலாவி மட்டும் திருந்திப் பயனில்லை.

புறப்படுமுன் மருமகளின் உலாவியில் விளம்பரத் தடுப்பு நிரலொன்றை நிறுவினேன். பக்கம் உடனே திறந்தது. அவள் மகிழ்ந்தாள், எனக்கு மனம் கனத்தது. என் ஊதியத்தின் ஒரு பங்கு அந்த விளம்பரங்களிலிருந்துதான் வருகிறது. வாசகரை விரட்டும் விளம்பரத்தை வாசகர் விரட்டுவதில் வியப்பென்ன?

விளம்பரமே வேண்டாம் என்பதன்று என் வாதம். எழுத்தாகவோ ஒரு படமாகவோ, ஓடாமல் ஆடாமல் அது இருக்கலாமே. அச்சுக்குப் போகுமுன் பிழை திருத்தும் நாம், ஒவ்வொரு புதிய மாற்றத்தையும் 2 ஜிகாபைட் கணினியில் ஒருமுறை திறந்துபார்ப்பதை ஆசிரியபீடத்தின் கடமையாகக் கொள்ளவேண்டும். பலாபத்வலயில் திறக்காத பத்திரிகை, அங்கே வெளிவராத பத்திரிகைதான்.