செடிக்குக் குடிநீர் ஊற்றினால் 5,000 ரூபாய் அபராதம்: குளித்த தண்ணீரை ஊற்றலாமா?

பால்கனியில் ஒரு துளசி, ரெண்டு செம்பருத்தி, ஒரு மணி பிளான்ட், கொஞ்சம் பச்சை மிளகாய். பெங்களூருவில் வேலை பார்க்கும் பலருக்கும் தோட்டம் என்றால் இவ்வளவுதான். இந்தச் செடிகளுக்குக் குடிநீரை ஊற்றினாலும் 5,000 ரூபாய் அபராதம் என்று 2024 மார்ச்சில் பெங்களூரு குடிநீர் வடிகால் வாரியம் அறிவித்தது. கார் கழுவவும் கட்டுமானத்துக்கும் அதே தடை. திரும்பவும் செய்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் கூடுதல். யாராவது 1916 என்ற எண்ணுக்கு போன் பண்ணிப் புகார் சொல்லலாம்.

சும்மா மிரட்டல்தானே என்று விட முடியவில்லை. அந்த மாதமே 22 குடும்பங்களிடம் மொத்தம் 1.1 லட்சம் ரூபாய் வசூலானது.

2024 அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் தொடங்கியது. தினமும் 77.5 கோடி லிட்டர் கூடுதல் தண்ணீர். இனி பிரச்னை இல்லை என்று நினைத்தால், நாலே மாதத்தில், 2025 பிப்ரவரியில், அதே தடை மறுபடியும் வந்தது. அதாவது, கோடைதோறும் இதை எதிர்பார்த்துத்தான் இருக்க வேண்டும்.

சரி, அப்போ செடிக்கு என்னதான் ஊத்துறது?

கணக்கு என்ன சொல்கிறது?

நகரத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தேவை என்பது இந்தியாவில் பின்பற்றப்படும் அளவு. இதில் 45 லிட்டர் கழிவறைக்கு. மீதி 90 லிட்டரில் பெரும்பகுதி குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ. ரெண்டு பேர் இருக்கும் வீடு என்றால் 180 லிட்டர்.

செடிக்கு வருவோம். 12 அங்குலத் தொட்டிக்குக் கோடையில் ஒன்று முதல் இரண்டு லிட்டர் போதும். 15 தொட்டி இருந்தாலும் அதிகபட்சம் 30 லிட்டர். ஒருவர் குளிக்கும் ரெண்டு பக்கெட் தண்ணீரே கிட்டத்தட்ட இவ்வளவு வரும்.

ஆக, வீட்டில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. எதை எடுப்பது என்பதுதான் கேள்வி.

எதை ஊற்றலாம், எதைக் கூடாது?

- காய்கறி, அரிசி கழுவிய தண்ணீர்: யோசிக்காமல் ஊற்றலாம்.
- ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர்: உப்பு கிட்டத்தட்ட இல்லை. ஆனால் காற்றில் ஈரப்பதம் வேண்டும். சென்னை, மும்பையில் பக்கெட் நிறையும். மார்ச் மாத பெங்களூருவில் அவ்வளவு கிடைக்காது.
- குளித்த தண்ணீர்: சோப்பு கம்மி என்றால் சரி. ஹேர் டை, கிருமிநாசினி கலந்தது வேண்டாம்.
- வாஷிங் மெஷின்: முதலில் வெளியேறும் நுரைத் தண்ணீரைச் சாக்கடைக்கு விடுங்கள். கடைசி அலசலை மட்டும் பிடியுங்கள். ப்ளீச் போட்டிருந்தால் அதுவும் வேண்டாம்.
- எண்ணெய்ப் பாத்திரம் கழுவிய தண்ணீர்: வேண்டாம். கொழுப்பு மண்ணில் படிந்து நாறும், எறும்பும் வரும்.
- குழந்தையின் அழுக்குத் துணி அலசியது, கழிவறைத் தண்ணீர்: கூடவே கூடாது.

குளித்த, துவைத்த தண்ணீரை இலையில் படாமல் மண்ணில் மட்டும் ஊற்றுங்கள். பச்சையாகச் சாப்பிடும் புதினா, கொத்தமல்லிக்கு இது வேண்டாம். பிடித்த தண்ணீரை அன்றைக்கே தீர்த்துவிடுங்கள். மறுநாள் வாடை வரும். மூடாமல் ஒரு வாரம் விட்டால் டெங்கு கொசுவுக்கு அது போதும்.

ஆர்.ஓ. தண்ணீர் நல்லதா?

பலரும் ஏமாறுவது இங்கேதான். பார்க்கச் சுத்தமாக இருக்கும். ஆனால், நீங்கள் குடிக்கும் தண்ணீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் வெளியேறும் தண்ணீரில்தான் இருக்கிறது.

உதாரணத்துக்கு, உங்கள் போர்வெல் தண்ணீரின் டி.டி.எஸ். 1,000 என்று வைத்துக்கொள்வோம். மெஷினுக்குள் போகும் 4 லிட்டரில் 1 லிட்டர் குடிநீராகிறது என்றால், வெளியேறும் 3 லிட்டரின் டி.டி.எஸ். சுமார் 1,330. தண்ணீரை மிச்சப்படுத்தும் மெஷின், பாதிக்குப் பாதி தருகிறது என்றால்? வெளியேறுவது 2,000. மெஷின் எவ்வளவு சிக்கனமோ, அதன் கழிவு அவ்வளவு உப்பு.

ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு பாசன நீருக்குத் தரும் அளவுகோல்படி 450-க்குக் கீழே இருந்தால் கவலையில்லை; 2,000-ஐத் தாண்டினால் கடும் பாதிப்பு. சில நூறு ரூபாய்க்கு டி.டி.எஸ். மீட்டர் கிடைக்கிறது. அளந்து பார்த்துவிட்டு ஊற்றுங்கள். அதிகமாக இருந்தால் தரை துடைக்க, கழிவறைக்கு.

செடி சொல்லும் அறிகுறி

சோப்பு, சலவைத்தூள் இரண்டிலும் சோடியம் இருக்கிறது. அது மண்ணில் சேரச் சேர மண் இறுகும். தரையில் இருக்கும் செடிக்கு மழை வந்து அதைக் கழுவிவிடும். தொட்டியில் உப்பு அங்கேயே தங்கும். இலை நுனி கருகுகிறதா? மண் மேல் வெள்ளைப் படிவமா? ஊற்றிய தண்ணீர் இறங்காமல் நிற்கிறதா? உடனே குளித்த தண்ணீரை நிறுத்துங்கள். ஏசி தண்ணீரோ ஏப்ரல், மே கோடை மழையோ, அடி ஓட்டை வழியே வழிந்தோடும் அளவுக்குத் தொட்டியில் விடுங்கள். அடியில் ஓட்டையே இல்லாத தொட்டி இந்த வேலைக்கு ஆகாது.

இதனால் ஊருக்கு என்ன லாபம்?

நேர்மையாகச் சொன்னால், கொஞ்சம்தான். 10 லட்சம் வீடுகள் தினமும் 30 லிட்டர் மிச்சம் பிடித்தால் 3 கோடி லிட்டர். காவிரி ஐந்தாம் கட்டம் தருவதில் இது சுமார் 4%.

பெரிய எண் வேறு இடத்தில் இருக்கிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2021 அறிக்கைப்படி, இந்திய நகரங்களில் தினமும் உருவாகும் கழிவுநீர் சுமார் 7,237 கோடி லிட்டர். சுத்திகரிக்கப்படுவது சுமார் 2,024 கோடி. அதாவது 28% மட்டுமே. பக்கெட் தூக்கச் சொல்வது வீடுகளை. ஓடி வீணாவது ஊரின் சாக்கடையில்.

உங்கள் அபார்ட்மென்டில் சுத்திகரிப்பு நிலையம் இருந்தால், அடுத்த அசோசியேஷன் மீட்டிங்கில் ரெண்டு கேள்வி கேளுங்கள். தினமும் எவ்வளவு சுத்திகரிக்கிறோம்? அதில் எவ்வளவு தோட்டத்துக்கும் ஃபிளஷ் டேங்குக்கும் போகிறது? மிச்சத்தை டிரெய்னேஜில் விடுவதாகப் பதில் வந்தால், உங்கள் பால்கனியின் 30 லிட்டரைவிட அங்கேதான் முதலில் வேலை இருக்கிறது.