மூன்று மாத உயிர்

முதலில் திரையில் மெல்லிய கோடுகள் தெரிந்தன. மேலிருந்து கீழாக, சீரான இடைவெளியில், கைலித் துணியின் கோடுகள் மாதிரி. மடிக்கணினியை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துப் போட்டால் மறைந்துவிடும். ஒரு வாரத்தில் கோடும் போனது, படமும் போனது. விசிறி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரை மட்டும் இருட்டு.

முதலில் போன கடையில் ஒரு மணி நேரத்தில் சரிசெய்து கொடுத்துவிட்டார்கள். என்ன கோளாறு என்று கேட்டதற்கு, “டிஸ்ப்ளே ப்ராப்ளம், பாத்தாச்சு” என்றார்கள். 1,500 ரூபாய். பதினொரு வாரம் ஓடியது. மறுபடி போனேன். மறுபடி ஒரு மணி நேரம், மறுபடி 1,500. இந்த முறை ஒன்பதே நாள்.

அப்புறம்தான் வீட்டுக்குப் பக்கத்திலேயே, ராஜகீழ்ப்பாக்கத்தில் வேளச்சேரி சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில், மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அந்தச் சின்னக் கடைக்குப் போனேன். பலகையில் ‘சிப் லெவல் சர்வீஸ்’ என்று எழுதியிருக்கும். முப்பது வயது மதிக்கத்தக்க தம்பி ஒருவர் தனியாக நடத்துகிறார். 2015 டிசம்பர் 2ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியதே, அந்த வெள்ளத்தில் முடிச்சூர் பக்கம் நனைந்துபோன கணினிகளைக் கழுவிக் காயவைத்துத்தான் போர்டு வேலையே கற்றுக்கொண்டாராம். என் கணினியைத் திறந்து பெருக்குக்கண்ணாடி வழியாகப் பார்த்தார். சிப்பைச் சுற்றிப் பழுப்பாகப் படிந்திருந்ததைக் காட்டினார்.

“ஹீட் பண்ணிக் குடுத்திருக்காங்க மேடம். ரெண்டு தடவ. இது தூங்குறவன எழுப்பி உக்கார வெக்கிற மாதிரி. மறுபடி தூங்கிடுவான்.”

எனக்கு வேறு கவலை. பத்து வருட எழுத்து அதற்குள் இருந்தது. அதைச் சொன்னதும், வேறெதையும் தொடாமல் முதலில் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி என் கையில் கொடுத்தார். படம் காட்டும் சிப் செத்தால் எழுத்து சாகாது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை. இந்த ஒரு விஷயம் தெரியாததால்தான் பலர், “எப்படியாவது ஒரு தடவை ஓட வைங்க” என்று கெஞ்சிக் காசு கொடுக்கிறார்கள். நானும் அப்படித்தான் இரண்டு முறை கொடுத்திருக்கிறேன்.

சூடு காட்டுவது என்றால் என்ன என்று அவர் எனக்குப் புரியவைத்ததை, நம் வீட்டு ஈயச்சொம்பை வைத்துச் சொல்கிறேன். ரசம் வைக்கிற அந்தச் சொம்பை வெறுமையாக அடுப்பில் ஏற்றக் கூடாது. புளித்தண்ணீரை ஊற்றிய பிறகே ஏற்ற வேண்டும் என்று நம் வீடுகளில் சொல்லித் தருவார்கள். சொம்பு வெள்ளீயம். 232 பாகை செல்சியஸில் உருகி ஓடிவிடும். கணினியின் போர்டில் சிப்பைப் பிடித்துவைத்திருப்பதும் இதே வெள்ளீயம்தான். முன்பு அதோடு காரீயம் சேர்ப்பார்கள்: 63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு காரீயம், உருகுவது 183 பாகையில். காரீயம் உடலுக்கும் மண்ணுக்கும் கேடு என்று ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலை 1 முதல் அதற்குத் தடை போட்டது. அதன் பிறகு உலகம் முழுக்கப் பரவிய கலவையில் வெள்ளீயத்தோடு 3 சதவீதம் வெள்ளியும் அரை சதவீதம் செம்பும் இருக்கும். அது 217 பாகையில்தான் இளகத் தொடங்கும். கொஞ்சம் விறைப்பும் கூட.

அதனால் சிப்கள் செத்தபோது, விரிசல் விழுந்தது சிப்புக்குக் கீழே இருக்கும் ஈயக் குண்டுகளில்தான் என்று எல்லாரும் சந்தேகப்பட்டார்கள். உருக்கினால் ஒட்டிக்கொள்ளும் என்பது சூடு காட்டும் வைத்தியத்தின் கணக்கு. எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. ஆனால் ஒரு இடம் இடிக்கிறது. எக்ஸ்பாக்ஸ் 360 விளையாட்டுப் பெட்டி சிவப்பு வளையம் காட்டிச் செத்தபோது, மேல்நாட்டுப் பையன்கள் அதைத் துண்டில் சுற்றி, தன் சூட்டிலேயே வேகவிட்டு உயிர்ப்பித்தார்கள். துண்டுக்குள் 217 பாகை வருமா? வந்திருந்தால் பிளாஸ்டிக் உருகி, துண்டே கருகியிருக்கும். ஈயம் உருகவேயில்லை. ஆனாலும் படம் வந்தது. அப்படியானால் விரிசல் வேறெங்கோ இருந்திருக்கிறது.

சிப் என்று நாம் பார்ப்பது இரண்டு அடுக்கு. மேலே கண்ணாடிபோல மின்னும் சிலிக்கான் துண்டு. கீழே சின்னப் பச்சைப் பலகை. பலகையைப் போர்டோடு சேர்ப்பவை கண்ணுக்குத் தெரிகிற ஈயக் குண்டுகள். சிலிக்கானைப் பலகையோடு சேர்ப்பவை தலைமயிர்த் தடிமனுக்குச் சற்று மேலோ கீழோ இருக்கும் நுண்ணிய புள்ளிகள். அந்தக் காலத்துப் பல சிப்களில், தடைக்கு விலக்காக, அந்தப் புள்ளிகள் காரீயம் மிகுந்த கலவை. உருக 300 பாகைக்கு மேல் வேண்டும். இனி விரிவைப் பாருங்கள். ஒரு பாகை சூடு ஏறினால் சிலிக்கான் பத்து லட்சத்தில் 3 பங்கு விரியும். பலகை சுமார் 15 பங்கு விரியும். கணினியைப் போடும்போதும் அணைக்கும்போதும் இருவேறு வேகத்தில் நீண்டு சுருங்கும் இரண்டு பொருள்களுக்கு நடுவே அந்தப் புள்ளிகள் இழுபடுகின்றன. அவற்றைக் காக்க இடைவெளியில் ஒரு பிசினை நிரப்புவார்கள். ஓடும் சூட்டிலேயே அந்தப் பிசின் இளகிவிட்டால், இழுப்பு முழுவதும் புள்ளிகளின் தலையில் விடியும். அவை வெடிக்கும். மறுபடி சூடு காட்டினால் எல்லாம் விரிந்து, வெடிப்பின் இரண்டு விளிம்பும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும். தொடுகிறதே தவிர, ஒட்டுவதில்லை. அந்தத் தொடுகை விலகும்வரைதான் அந்த மூன்று மாத உயிர்.

இது கடைக்காரர்களின் ஊகம் இல்லை. எக்ஸ்பாக்ஸுக்காக மைக்ரோசாஃப்ட் 2007 ஜூலையில் 100 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கி, உத்தரவாதத்தை மூன்று ஆண்டாக நீட்டியது. உடைந்தது சிப்புக்குள் இருந்த இணைப்புதான் என்று அந்த நிறுவனத்தார் வெளிப்படையாகச் சொன்னது 2021இல் வந்த ஆவணப்படத்தில். மடிக்கணினி உலகில் இதற்கு இணையானது, படம் காட்டும் சிப் தயாரிக்கும் என்விடியாவின் கதை. 2008 ஜூலை 2 அன்று அந்த நிறுவனம், மடிக்கணினிகளுக்குப் போன சில சிப்களில் சிலிக்கானும் அதைப் பொதிந்த பொருளும் வலுவில்லாத சேர்க்கை என்று அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையத்துக்குத் தெரிவித்தது. 15 கோடியிலிருந்து 20 கோடி டாலர்வரை செலவாகும் என்றும் சொன்னது. கூடவே கணினிகளின் குளிர்விப்பு அமைப்பையும், வாங்கியவர்கள் பயன்படுத்தும் விதத்தையும் காரணங்களில் சேர்த்திருந்தது. இந்தக் கடைசி வரியைப் படிக்கும்போது எனக்கு இன்றும் கோபம் வருகிறது. போடுவதும் அணைப்பதும் தவிர வாங்கியவர் வேறென்ன செய்தார்? எச்பியும் டெல்லும் விசிறி அதிக நேரம் சுற்றும்படி மென்பொருளை மாற்றித் தந்தன. சாவு தள்ளிப்போனது, அவ்வளவுதான். வாங்கியவர்கள் தொடுத்த வழக்கு 2010இல் சமரசமானது. அது அமெரிக்காவில் வாங்கியவர்களுக்கு மட்டும். சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் அதே கணினியைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர்களுக்கு அதில் பங்கில்லை.

என் கணினி அந்தக் கதையில் வருவதில்லை. பல வருடம் பிந்தியது. ஆனால் விரிவதும் சுருங்குவதும் எல்லாச் சிப்புக்கும் பொது.

“அப்ப என்ன செய்யணும் தம்பி?”

“புது சிப் போடணும். கழட்டுன சிப் வேணாம். ரீபால் பண்றதும் வேணாம். கீழ புது குண்டு வெச்சாலும் உள்ள இருக்கற ஒடசல் அப்படியேதான மேடம் இருக்கும்?”

அந்த வேலையை அவர் செய்வதை உட்கார்ந்து பார்த்தேன். தாம்பரத்தில் ரயிலேறி எழும்பூரில் இறங்கி, ரிச்சி தெருவில் சொல்லிவைத்து வாங்கி வந்த சிப். முதலில் அதன் மேல் பொறித்த நான்கு இலக்கத்தைக் காட்டினார்: முதல் இரண்டு வருடம், அடுத்த இரண்டு வாரம். பழைய போர்டிலிருந்து பிடுங்கி, குண்டு மாற்றி, மெருகேற்றி, மேலே எழுத்தையும் புதிதாகப் பொறித்து விற்பதுண்டாம். அதனால் எழுத்தை மட்டும் நம்பாமல் விளிம்பில் கீறல் இருக்கிறதா, பசை எச்சம் இருக்கிறதா என்று தேடினார்.

போர்டை மட்டும் தனியே பிரித்து மெஷினில் பூட்டினார். கீழிருந்து முதலில் சூடு. அவசரப்பட்டால் போர்டு வளைந்துவிடும். உள்ளே ஈரம் தங்கியிருந்தால் ஆவியாகிச் சோளப்பொரி மாதிரி உப்பிவிடும் என்பதால், முந்தைய நாளே போர்டை உலர்த்தி வைத்திருந்தார். பக்கத்துப் பாகங்களின் மேல் தங்கநிறப் பட்டையை ஒட்டி மறைத்தார். பிறகு மேலிருந்து காற்று. அவர் கண் அளவுகாட்டியிலேயே இருந்தது. 217ஐத் தாண்டிச் சில நொடி பொறுத்து, உறிஞ்சும் பேனாவால் சிப்பைச் சத்தமில்லாமல் தூக்கினார். அடியில் நூற்றுக்கணக்கான வெள்ளிப் பொட்டுகள். செம்புப் பின்னலால் தேய்த்துப் பழைய ஈயத்தை எடுத்தார், துடைத்தார், ஃப்ளக்ஸ் பூசினார். புதுச் சிப்பை மூலைக்குறியில் வைத்து மறுபடி சூடு ஏற்றினார்.

என்னால் மறக்க முடியாதது அதற்கடுத்த நொடி. குண்டுகள் இளகியதும் சிப் லேசாக அசைந்து, தானாகவே தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. இடுக்கி முனையால் ஒரு மயிரிழை தள்ளிவிட்டார். திரும்பி வந்து அதே இடத்தில் நின்றது. உருகிய ஈயத்தின் இழுவிசை அது. “பாத்தீங்களா, வந்துருச்சு” என்றார். விசிறியைப் போடவில்லை. தானாக ஆறட்டும் என்று காப்பி வாங்கப் போனார்.

அந்த இடைவேளையில் எனக்குத் தோன்றியது இது. சூடு காட்டுவதே கூடாது என்று நான் சொல்லவில்லை. அவரும் முதலில் மிதமான சூடு காட்டித்தான், படம் வந்ததை வைத்து, கோளாறு சிப்பில்தான் என்று உறுதி செய்தார். நாடி பார்ப்பதற்குச் சூடு சரி. அதைப் பழுது நீக்கியதாகச் சொல்லிக் காசு வாங்குவதுதான் தப்பு. காசில்லாத மாணவன், “மூணு மாசம் ஓடினாப் போதும், பரீட்சை முடிஞ்சிரும்” என்று தெரிந்தே கேட்டால், அது அவன் தீர்மானம். தெரியாமல் கொடுத்த 3,000 ரூபாய் என் தீர்மானம் இல்லை.

இந்திய அரசின் நுகர்வோர் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. அந்த ஆண்டு டிசம்பரில் இணையதளமும் தொடங்கினார்கள். நல்ல காரியம். இந்தத் தம்பிக்கு அதிலிருந்து வேண்டியது இரண்டே: போர்டின் வரைபடமும், நம்பி வாங்கக்கூடிய அசல் சிப்பும். வரைபடம் இல்லாததால் ஒவ்வொரு மின்தடத்தையும் மீட்டர் முனையால் தடவித் தடவித் தேடுகிறார்.

காப்பியோடு வந்தவர் போர்டைக் கையால் தொட்டுப் பார்த்து, பூட்டி, மின்சாரம் கொடுத்தார். திரை விடிந்தது. கோடு இல்லை. இரண்டு மணி நேரம் ஓடவிட்டுத்தான் கொடுத்தார். மொத்தம் 6,500 ரூபாய்.

பில் போடும்போது வழக்கம்போல ‘டிஸ்ப்ளே சர்வீஸ்’ என்று எழுத ஆரம்பித்தார். “தம்பி, என்ன செஞ்சீங்களோ அத எழுதுங்க” என்றேன். கொஞ்சம் யோசித்து, அடித்துவிட்டு எழுதினார்: ‘கிராஃபிக்ஸ் சிப் மாற்றியது. புதியது. ஹீட் மட்டும் அல்ல.’ அதற்குக் கீழே அந்த நான்கு இலக்கத்தையும் எழுதி, பழைய சிப்பை ஒரு சின்ன பிளாஸ்டிக் உறையில் போட்டு, பில்லோடு சேர்த்து பின் அடித்துக் கொடுத்தார்.