பத்துப் பொருத்தத்துக்கு அப்பால்

டோபி காட் எம்ஆர்டி நிலையத்தில் அக்கா மகளையும் மாப்பிள்ளையையும் சந்தித்தேன். திருமணப் பதிவுக்கு நாள் குறித்தாயிற்று; ஜாதகத்தில் பத்துப் பொருத்தமும் பார்த்தாயிற்று.

“தலசீமியா பரிசோதனை?” என்றேன்.

“எங்களுக்குத்தான் ஒன்றுமில்லையே மாமா!”

அதுதான் சிக்கல். இந்த மரபணுவைச் சுமப்பவர்களுக்குப் பெரும்பாலும் அறிகுறியே இருக்காது. சிங்கப்பூரில் சுமார் 3 விழுக்காட்டினர் அப்படி. இதற்கென 1992 முதல் தேசியப் பதிவகமே இருக்கிறது.

தோல் உயிரணு பிரியும்போது மரபணுக்கள் மொத்தமும் நகலாகின்றன. கருமுட்டையும் விந்தணுவும் உருவாகும்போதோ ஒவ்வொரு சோடியிலிருந்தும் ஒன்றுதான் போகும். எது என்பது பூவா தலையா. இருவரும் பீட்டா தலசீமியா சுமப்பவர்களானால், ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. மூத்தது தப்பித்தாலும் இளையதற்கு அதே கணக்குதான். கடும் வகையென்றால் வாழ்நாள் முழுக்க சில வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும்.

மாப்பிள்ளை கைப்பேசியை எடுத்து, பலதுறை மருந்தகத்தில் இருவருக்கும் முன்பதிவு செய்தார்.

“அம்மாவிடம் இப்போது சொல்லாதீர்கள் மாமா” என்றாள் அவள்.