அறைக்கு அனுப்பிய சாப்பாடு

பிரான்ஸில் ஒரு தம்பதிக்கு அறிவுசார் குறைபாடுள்ள இரண்டு மகன்கள். மறைமாவட்டக் குழுவோடு லூர்து திருயாத்திரை போக ஆசைப்பட்டார்கள். ‘பிள்ளைகளுக்கு ஒன்றும் புரியாது, மற்றவர்களுக்குத் தொந்தரவு’ என்று குழுவினர் மறுத்துவிட்டார்கள். குடும்பத்தார் தாங்களாகவே புறப்பட்டுப் போனார்கள். தங்கிய ஓட்டலிலோ, மற்றவர்களோடு உட்கார விடாமல் சாப்பாட்டை அறைக்கே அனுப்பினார்கள். அந்தக் காயத்திலிருந்துதான் 1971 ஈஸ்டர் நாட்களில் லூர்தில் ஒரு பெரும் யாத்திரை உருவானது. 15 நாடுகளிலிருந்து சுமார் 12,000 பேர் கூடினார்கள். பிள்ளைகள், பெற்றோர், நண்பர்கள் எல்லோரும் ஒரே பந்தியில். ‘ஃபெய்த் அண்ட் லைட்’ இயக்கம் அங்கே பிறந்தது.

அரை நூற்றாண்டு கடந்தும் ஆட்டிசக் குடும்பங்களுக்குப் பல சபைகளின் கதவு பாதிதான் திறந்திருக்கிறது. அமெரிக்கச் சமூகவியலாளர் ஆண்ட்ரூ வைட்ஹெட் 2018-ல் வெளியிட்ட ஆய்வின்படி, நீடித்த உடல்நலப் பிரச்சினை எதுவும் இல்லாத பிள்ளைகளோடு ஒப்பிட்டால், ஆட்டிசப் பிள்ளைகள் வழிபாட்டுக்கே போகாமல் இருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. இதைப் பக்திக் குறைவு என்று சொல்ல எனக்கு மனம் வராது. கீபோர்டும் டிரம்ஸும் சேர்ந்து எழும் நொடியில் ஒரு பையன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அலறுகிறான். நாலு பேர் திரும்பிப் பார்க்கிறார்கள். அம்மா அவனை இழுத்துக்கொண்டு வெளியே போகிறாள். பிரசங்கம் முடியும்வரை செருப்புகளுக்கு நடுவே நிற்கிறாள். நாலைந்து வாரம் இப்படி நடந்தால், அடுத்த ஞாயிறு வீட்டிலேயே இருந்துவிடலாம் என்றுதான் எந்தக் குடும்பத்துக்கும் தோன்றும்.

குடும்ப முகாம்கள் இந்த இடத்தில்தான் கைகொடுக்கின்றன. ஜோனி எரெக்சன் டாடா தன் 17-வது வயதில், 1967-ல், நீரில் பாய்ந்தபோது கழுத்து முறிந்து, தோளுக்குக் கீழே செயலிழந்தவர். அவர் 1979-ல் தொடங்கிய ‘ஜோனி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்’ என்ற கிறிஸ்தவ அமைப்பு நடத்தும் முகாம்களில், குறைபாடுள்ள ஒவ்வொருவருக்கும் பயிற்சி பெற்ற ஒரு தன்னார்வலர் முகாம் முழுக்கத் துணையிருக்கிறார். அண்ணன் தங்கைகளுக்கு அவர்கள் வயதுக்கேற்ற விளையாட்டு. பெற்றோருக்கு வேத பாடம், அதைவிட முக்கியமாக ஓய்வு. வருடக்கணக்கில் சேர்ந்து உட்கார்ந்து ஒரு காப்பி குடிக்க முடியாத கணவன் மனைவிக்கு அங்கே கிடைக்கும் ஒரு மணி நேரமே பெரிய ஊழியம்.

ஆனாலும் துணைக்கு ஒரு ஆளைப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பதை நான் ஏற்கவில்லை. பெரிய அரங்கில் எல்லோரும் பாட, இந்தப் பிள்ளை மட்டும் தன்னார்வலரோடு பக்கத்து அறையில் பொம்மை வைத்து விளையாடினால், அறைக்கு அனுப்பிய சாப்பாடு மரியாதையோடு பரிமாறப்படுகிறது, அவ்வளவுதான். மாற வேண்டியது அரங்கு. ஒலிபெருக்கியின் அளவு, அடுத்து என்ன நடக்கும் என்று காட்டும் படஅட்டை, கும்பல் தாங்காதபோது ஒதுங்க ஓர் அமைதியான மூலை, வெறும் தயிர்சாதம் மட்டும் சாப்பிடும் பிள்ளைக்குக் கேள்வி கேட்காமல் தயிர்சாதம். இதில் எதற்கும் பெரிய செலவு கிடையாது.

இந்தப் பாடத்தை ஆட்டிசம் உள்ளவர்களிடமிருந்தே கற்கலாம். அமெரிக்காவில் அவர்களே 1996-ல் ‘ஆட்ரீட்’ என்ற முகாமைத் தொடங்கினார்கள். அங்கே சட்டையில் குத்திக்கொள்ள வண்ண அட்டைகள் இருந்தன. சிவப்பு என்றால் யாரும் பேச வேண்டாம். மஞ்சள் என்றால் தெரிந்தவர்கள் மட்டும். பச்சை என்றால் பேச ஆசைதான், எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை, நீங்கள் வாருங்கள். அது கிறிஸ்தவ முகாம் அல்ல. ஆனால் அயலானை அவன் இருக்கும் நிலையில் மதிக்க இதைவிட நேரான வழி எதையும் நான் கண்டதில்லை. முகாமைத் திட்டமிடும் குழுவில் ஆட்டிசம் உள்ள ஒரு பெரியவராவது உட்கார வேண்டும்.

இரண்டு விஷயங்களில் விட்டுக்கொடுக்கவே கூடாது. ஒன்று, ‘விடுதலை ஜெபம்’ வேண்டவே வேண்டாம். அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் 2003-ல், ஆட்டிசம் உள்ள எட்டு வயதுச் சிறுவன் ஒருவனின் ‘தீய ஆவியை’ விரட்டுவதாகச் சொல்லி, ஜெபக்கூட்டத்தில் அவனைத் தரையோடு அழுத்திப் பிடித்தார்கள். மூச்சுத் திணறி இறந்தான். ஜெபித்தவர் தண்டிக்கப்பட்டார். ஆட்டிசம் பேயும் இல்லை, பெற்றோரின் பாவமும் இல்லை. குணமாக்கும் வாக்குறுதியோடு குடும்பங்களை அழைக்கும் முகாமுக்கு யாரும் பிள்ளையை அனுப்ப வேண்டாம்.

இரண்டாவது, பாதுகாப்பு. ‘ஃபெய்த் அண்ட் லைட்’ இயக்கத்தை நிறுவிய இருவரில் ஒருவரான ஜான் வனியே, உயிரோடிருந்தபோது புனிதராகவே பார்க்கப்பட்டவர். அவர் ஆன்மிக வழிகாட்டல் என்ற பெயரில் குறைந்தது 25 பெண்களைத் தகாத முறையில் பயன்படுத்தியதை, அவர் நிறுவிய ‘லார்ஷ்’ அமைப்பு அமர்த்திய ஆய்வுக்குழுவே 2023-ல் வெளிப்படுத்தியது. நல்ல பெயர் ஒருபோதும் பாதுகாப்பு ஆகாது. பேச்சு வராத பிள்ளையால் புகார் சொல்ல முடியாது. ஆகவே தன்னார்வலரின் பின்னணியை விசாரிப்பதும், பூட்டிய அறையில் ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் தனித்திருக்க விடாததும் கட்டாயம்.

மே மாதம் பிறந்தால் தமிழ்நாட்டுச் சபைகளில் வி.பி.எஸ். என்ற விடுமுறை வேதாகமப் பள்ளி களைகட்டும். நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தைப் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. சபை அதற்குப் பின்தங்கலாமா? போதகர்களே, நோட்டீஸ் அச்சுக்குப் போகும் முன்பே, ஆராதனைக்கு வருவதை நிறுத்திவிட்ட ஒரு குடும்பத்தைத் தேடிப் போங்கள். உங்கள் பிள்ளைக்கு எது பிடிக்கும், எது தாங்காது என்று அந்தத் தாயிடம் கேளுங்கள். அவர் சொல்வதை வைத்து இந்த வருட நிகழ்ச்சி நிரலைப் போடுங்கள்.