பாட்டும் பிழைப்பும்

"பாட்டெழுதிப் பிழைக்கலாமா?" என்று வகுப்பிலே மாணவனொருவன் எம்மை வினாவினான். பிழைத்தல் அரிது என்பதே உண்மை. ஆயினும், அவ்வளவில் விடையை நிறுத்திவிடுதல் ஆசிரியர்க்கு அழகன்று.

நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் (1878–1953) வட்டுக்கோட்டை இந்துக் கல்லூரியிலே நெடுங்காலம் தமிழாசிரியராக விளங்கியவர். அவருக்குச் சோறிட்டது பாட்டன்று, பள்ளிக்கூடம். ஆடிப்பிறப்பையும் கத்தரித் தோட்டத்து வெருளியையும் அவர் சிறுவர்க்காகப் பாடினார். அப்பாடல்கள் இன்றும் குழந்தைகளின் நாவிலே வாழ்கின்றன. அளவெட்டி தந்த 'மஹாகவி' உருத்திரமூர்த்தி (1927–1971) அரசாங்க எழுதுவினைஞராய் இருந்துகொண்டே கவிதை புனைந்தார்; 1966இல் 'குறும்பா' நூலால் தமிழுக்குப் புதியதொரு வடிவம் தந்தார். இவ்விருவரும் பாட்டுக்காகத் தொழிலைத் துறந்தாருமல்லர். தொழிலைச் சாட்டிப் பாட்டைத் துறந்தாருமல்லர். எம் கருத்தில், கவிஞனது வெற்றி பொன்னாடையிலன்று, இந்த விடாப்பிடியிலேயே உள்ளது.

இதனைக் கூறும் யாமே ஒரு பிழை செய்தோம். பதினைந்து ஆண்டுகளின் முன் மாணவனொருவன் தான் இயற்றிய வெண்பாவைக் கொணர்ந்து காட்டினான். இரண்டிடத்தில் தளை தட்டிற்று. ஆயினும் ஈற்றடி மிக நன்று. "முதலிற் பரீட்சையைப் பார்" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தோம். அவன் பரீட்சையிற் சித்தியெய்தினான், அதன்பின் பாட்டெழுதினானல்லன். நல்ல செய்யுளொன்றைக் கேட்கும்போதெல்லாம் அந்தத் தாள் எம் கண்முன் வருகின்றது.

ஆதலின், மாணவர்களே, நாள்தோறும் சிறிதேனும் எழுதுக. யாப்பைக் கற்றுக்கொண்டு, பின்னர் வேண்டுமாயின் மீறுக. எழுதியதைத் தக்காரிடம் படித்துக் காட்டுக. திருத்தம் கூறினால் முகஞ்சுளியற்க. வயிற்றுக்கு ஒரு தொழிலையும் தேடிக்கொள்க. அது கவிதைக்குப் பகையன்று.

பழைய மாணவப் பெருமக்களுக்கும் ஒரு விண்ணப்பம். கல்லூரிக் கட்டடத்துக்கும் மைதானத்துக்கும் வாரி வழங்கிய கை, நம்மவர் வெளியிடும் கவிதை நூலையும் விலைகொடுத்து வாங்குவதாக. நூலாசிரியரிடம் இலவசப் பிரதி கேட்கும் வழக்கம் ஒழிக. வாங்கிய நூலிற் பிறிதொரு பிரதி நம் கல்லூரி நூலகத்தைச் சேர்க. அதனைக் காணும் சிறுவன், தன்னைப்போன்ற ஒருவன் எழுதியதென்று அறிந்தால், அதுவே அவனுக்கு முதற்பாடம்.

அன்று வெண்பாக் கொணர்ந்த மாணவர் இம்மலரைப் படிக்க நேரின், அத்தாளை மீண்டும் கொணர்க. தளையை இருவருமாய் இருந்து பார்ப்போம்.