சீட்டுக் கொடுத்தாயிற்று, பஸ் எங்கே?

ஞாயிறு காலை ஏழு மணி. பாலக்காட்டு எல்லையோரக் கொழிஞ்சாம்பாறை கடைவீதியில் டீக்கடை ஓரமாக ஒரு கார் நிற்கிறது. ஓட்டிவந்தவர் ஒரு கையில் டீ கிளாஸ், மறு கையில் செல்போன் என்று இ-பாஸ் விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறார். வண்டி எண், எத்தனை பேர், என்றைக்கு ஏறுகிறார்கள், எங்கே தங்கல். பின் சீட்டில் பிள்ளைகள் அதற்குள் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்துவிட்டார்கள். “வால்பாறைக்குங்களா? ஆழியாத்துல கேப்பாங்க, இங்கியே எடுத்துட்டுப் போயிருங்க” என்கிறார் டீ ஆற்றும் கடைக்காரர். அவருக்கு இது வாராவாரம் பார்க்கும் கூத்து. கொஞ்ச நேரத்தில் சீட்டு திரையில் வந்து விழுகிறது. கார் நாட்டுக்கல், கோபாலபுரம் தாண்டிப் பொள்ளாச்சிப் பக்கம் பறக்கிறது. மலையைக் காப்பாற்றியாயிற்று.

2025 நவம்பர் 1 முதல் வால்பாறைக்கும் இ-பாஸ் வந்துவிட்டது. சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஏப்ரலில் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போட்ட உத்தரவின் வால் இப்போது ஆனைமலையைச் சுற்றியிருக்கிறது. ஆழியாறு வழியாக ஏறினாலும், சாலக்குடியிலிருந்து மளுக்கப்பாறை வழியாக வந்தாலும் சீட்டு வேண்டும். நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஊட்டியில் சீசன் நாளொன்றுக்கு இருபதாயிரம் வண்டிகள் ஏறுகின்றன, அதில் கார் மட்டும் பதினோராயிரத்துச் சொச்சம் என்ற கணக்கு நீதிமன்றத்தின் முன் வந்தபோது நீதிபதிகள் பதறியது நியாயமே. ஆனால் அந்தப் பதற்றத்துக்குக் கிடைத்த மருந்து, வண்டிகளை எண்ணுவது. வால்பாறையில் தொடங்கும்போது அதுவும் உச்சவரம்பில்லாத எண்ணிக்கை. கேட்டவருக்கெல்லாம் கிடைக்கும் சீட்டுக்குக் கட்டுப்பாடு என்று பெயர் வைப்பதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

உச்சவரம்பு போட்ட இடத்தில்தான் என்ன நடந்தது? 2025 மார்ச்சில் நீதிமன்றம் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரையறுத்தது. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. அந்த ஆண்டு ஏப்ரலிலிருந்து ஜூன் வரை இதுதான் கணக்கு. இந்த 8,000-ஐக் கொஞ்சம் நிறுத்தி யோசிக்க வேண்டும். ஒரு கார் சுமார் நான்கு மீட்டர் நீளம். எட்டாயிரம் கார்களை இடைவெளியே விடாமல் மூக்கும் வாலும் தொட நிறுத்தினால் 32 கிலோமீட்டர் வரும். மேட்டுப்பாளையத்தில் தொடங்கும் வரிசை குன்னூரை நெருங்கிவிடும். இது நீதிமன்றம் குறைத்த பிறகு வரும் நீளம்.

இப்போது அதே ஜனங்களை பஸ்ஸில் ஏற்றிப் பாருங்கள். காருக்கு நான்கு பேர் என்றால் 32,000 பேர். பஸ்ஸுக்கு ஐம்பது பேர் என்றால் 640 பஸ். ஒரு பஸ் பதினொரு மீட்டர் என்று வைத்தாலும் மொத்த வரிசை ஏழு கிலோமீட்டர்தான். மேட்டுப்பாளையத்தில் தொடங்கி, மலை ஏறும் முன்பே கல்லாறு பக்கத்தில் முடிந்துவிடும். ஒரு பஸ் ஒரு நாளில் இரண்டு நடை அடித்தால் 320 பஸ் போதும். எல்லாமே கார் இல்லை, வேனும் பஸ்ஸும் அந்த எட்டாயிரத்தில் உண்டு என்று யாராவது திருத்துவார்கள். திருத்தட்டும். ஏழு கிலோமீட்டர் எட்டு ஆகலாம், முப்பத்திரண்டு ஆகாது. ஐ.ஐ.டி.யும் ஐ.ஐ.எம்.மும் மலையின் தாங்குதிறனை ஆராயட்டும். இந்தக் கணக்கை டீக்கடை பெஞ்சில், காலி சிகரெட் அட்டையின் பின்பக்கத்தில் போட்டுவிடலாம்.

இதில் வேடிக்கை, விடை நீதிமன்ற உத்தரவிலேயே இருக்கிறது. அரசுப் பேருந்துக்கு பாஸ் வேண்டாம், அதற்கு வரம்பும் இல்லை. அந்த விதிவிலக்கை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. விலக்குக் கொடுத்த பஸ்ஸைப் போதுமான அளவு அதிகப்படுத்த வேண்டும் என்று போக்குவரத்துக் கழகத்துக்கும் தோன்றவில்லை, சீட்டு வழங்க இணையதளம் கட்டியவர்களுக்கும் தோன்றவில்லை.

இது நடக்காத காரியம் என்பவர்கள் இடுக்கிப் பக்கம் போய்வரலாம். மூணாறை அடுத்த இரவிகுளம் தேசியப் பூங்கா 97 சதுர கிலோமீட்டர். வரையாடு பார்க்க வருகிறவர் கோடீஸ்வரராக இருந்தாலும் ஐந்தாம் மைலில் இறங்கி, வனத்துறை பஸ்ஸில் ஏறித்தான் ராஜமலைக்குப் போக முடியும். ஆடு குட்டி போடும் பிப்ரவரி, மார்ச்சில் பூங்காவையே சாத்திவிடுகிறார்கள். யாரும் செத்துப்போகவில்லை, சுற்றுலாவும் அழியவில்லை. 2025-இல் தமிழ்நாடும் கேரளமும் சேர்ந்து எடுத்த கணக்கெடுப்பில் இரு மாநிலத்திலும் 2,668 வரையாடுகள். அதில் 841 இரவிகுளத்தில் மட்டும். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. வேட்டைத் தடையும் புல்வெளிப் பாதுகாப்பும்தான் முதல் காரணம் என்று ஆய்வாளர்கள் சொல்வார்கள். இருக்கட்டும். ஆடு நிற்கும் பாறைக்குப் பக்கத்தில் யாரும் காரை நிறுத்திப் பாட்டுப் போடாததும் ஒரு காரணமே.

சபரிமலையும் அப்படித்தான். 2018 வெள்ளம் பம்பையின் வாகன நிறுத்தங்களை அடித்துக்கொண்டு போன பிறகு, தனியார் வண்டிகள் நிலக்கல்லில் நின்றன. பக்தர்கள் அரசு பஸ்ஸில் பம்பைக்குப் போனார்கள். ஐயப்பனுக்காக இறங்கி ஏறத் தெரிந்த ஜனங்களுக்குச் சோலை மந்திக்காக இறங்கி ஏறத் தெரியாதா?

ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் கார்கள் ஒதுங்கும். கீழே ஆழியாறு அணை தட்டுப்போலத் தெரியும், சில நாள் வரையாடு பாதுகாப்புச் சுவரிலேயே வந்து நிற்கும். அதன் முகத்துக்கு நேராக நான்கு செல்போன்கள் நீளும். யாரோ பிஸ்கட் போடுவார். பிஸ்கட் தின்னப் பழகிய ஆடு மறுநாளும் ரோட்டுக்கு வரும். மேலே புதுத்தோட்டத்தில் சோலை மந்திகள், அதாவது சிங்கவால் குரங்குகள், மரத்துக்கு மரம் தாவ வழியில்லாமல் ரோட்டில் இறங்கி அடிபடுகின்றன என்பதால் சாலைக்கு மேலே கயிற்றுப் பாலம் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். குரங்குக்கு மேம்பாலம் போட்டாயிற்று. கீழே போகிற காரைக் குறைக்க மட்டும் எவருக்கும் மனம் வரவில்லை. இ-பாஸ் அந்தக் காரின் எண்ணைக் குறித்துக்கொள்ளும். ஒன்பதாவது வளைவில் அது என்ன செய்கிறது என்று கேட்காது.

சுற்றுலாவை நம்பிப் பிழைப்பவர் வயிற்றில் அடிக்கிறீர்கள் என்று விடுதிக்காரர்கள் கிளம்புவார்கள். நீலகிரியில் 2025 ஏப்ரல் 2 அன்று கடையடைப்பே நடத்தினார்கள். வாடிக்கையாளர் காரில் வந்தால்தான் ரூம் எடுப்பார், பஸ்ஸில் வந்தால் எடுக்க மாட்டார் என்பது எந்த ஊர் வியாபாரக் கணக்கோ தெரியவில்லை. சுவிட்சர்லாந்தின் செர்மாட்டுக்குப் பெட்ரோல் கார் நுழைய முடியாது, பக்கத்து ஊரான டேஷில் நிறுத்திவிட்டு ரயிலில்தான் போக வேண்டும். அந்த ஊர் விடுதிக்காரர்கள் பட்டினி கிடப்பதாகத் தகவல் இல்லை.

வயிறு என்று பேச வந்தால் எஸ்டேட் லயத்து வயிற்றையும் பேச வேண்டும். 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து எழுபது பேர் போனார்கள். பெரும்பாலும் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். வரையாடு பார்க்க டிக்கெட் கிழிக்கிற ராஜமலைக்குப் பக்கத்திலேயேதான் அந்த லயம். சுற்றுலாப் பயணிக்கு பஸ் விட்ட மலையில், தொழிலாளி ஆஸ்பத்திரிக்குப் போக என்ன வழி என்று யோசித்தவர் குறைவு. வால்பாறையிலும் அதே கதை. எஸ்டேட்டுக்குப் பஸ் ஒரு நடை தப்பினால் பள்ளிக்கூடப் பிள்ளை நடக்கிறது, சிறுத்தையும் யானையும் நடக்கிற அதே வழியில். சுற்றுலாவுக்கென்று பஸ் விட்டால் அதில் லயத்து ஜனங்களும் ஏறலாம். சுற்றுலாக் காரில் அவர்களை யார் ஏற்றுவார்கள்? சூழல் சுற்றுலா என்ற சொல்லுக்கு அர்த்தம் இருக்குமானால் இங்கேதான் இருக்கிறது. மரவீட்டு வாடகையிலும் மூங்கில் ஸ்ட்ராவிலும் அதைத் தேடுபவர்கள் தேடட்டும்.

கொழிஞ்சாம்பாறைக்காரர்களுக்கு அப்படிப்பட்ட சுற்றுலாவுக்கு அத்தாட்சி பக்கத்திலேயே இருக்கிறது: பரம்பிக்குளம். கேரளத்தின் நிலம், பாலக்காடு மாவட்டம். ஆனால் காரில் போக வேண்டுமானால் பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்ஸ்லிப் என்று தமிழ்நாட்டைச் சுற்றித்தான் உள்ளே நுழைய முடியும். சொந்த வீட்டுக்கு அடுத்த வீட்டுத் திண்ணை வழியாகப் போகிற கதை. 643 சதுர கிலோமீட்டர் புலிகள் காப்பகம். வழிகாட்டி இல்லாமல் அங்கே வண்டி நகராது. அந்த வழிகாட்டி காடரோ மலசரோ முதுவரோ ஆக இருப்பார், சம்பளம் ஊர்க்குழு வழியாக அவருக்குப் போகும். கன்னிமாரா தேக்கின் கீழே நின்று அதன் கதையைச் சொல்கிறவர் அந்த மண்ணில் பிறந்தவர். அங்கும் எல்லாம் தேனும் பாலும் அல்ல. பரம்பிக்குளத்துக்குள் இருக்கும் தேக்கடி ஊர்க்காரர்கள், தமிழ்நாட்டைச் சுற்றாமல் வெளியே வர, 2020-இல் செம்மணாம்பதிப் பக்கம் தாங்களே கடப்பாரை எடுத்து வழி வெட்ட இறங்கியது நினைவிருக்கும். ஆனாலும் கூட்டத்தை அடக்கி, வருமானத்தை உள்ளூரில் நிறுத்துகிற ஒரு ஏற்பாடு ஆனைமலையில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. அதைப் பார்க்காமல், இணையதளத்தில் படிவம் வடிவமைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

எதிர் உதாரணமும் பக்கத்திலேயே. 2023-இல் இந்தியாவின் அழகான கிராமங்கள் என்று சமூக ஊடகத்தில் சுற்றிய ஒரு பட்டியலில் கொல்லங்கோடு மூன்றாவதாக வந்தது. அவ்வளவுதான். வாரக் கடைசிகளில் தாமரைப்பாடத்து வயல் வரப்புகளிலும் சீதார்குண்டு அருவிப் பாதையிலும் கார்கள் வரிசை கட்டின. நெல் வயலின் நடுவே நின்று படம் எடுத்தவர்கள், அது ஒருவருடைய ஒரு போகத்துச் சாப்பாடு என்பதை யோசித்திருக்க மாட்டார்கள். அங்கே இ-பாஸ் வைத்திருந்தாலும் வரப்பில் கார்தான் நின்றிருக்கும், கைபேசியில் சீட்டோடு.

இரு மாநிலமும் சேர்ந்து செய்யாத காரியமா இது? பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தம் 1970 மே 29-இல் கையெழுத்தானது. அதன்படி ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் மணக்கடவில் அளந்து சித்தூர்ப்புழைக்கு விட வேண்டும். மழைமறைவில் கிடக்கும் கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதிக்காரர்களுக்கு இந்த எண் மனப்பாடம். தண்ணீர் குறைந்தால் அதே நாளில் கோபாலபுரத்தில் மறியல் பேச்சு எழும். கன அடிக்குக் கன அடி அளந்து சண்டை போடத் தெரிந்த இரண்டு அரசுகள், அந்தத் தண்ணீர் பிறக்கும் மலையில் எத்தனை கார் ஏறலாம், எத்தனை மூட்டைக் குப்பை இறங்க வேண்டும் என்று ஒருமுறையாவது உட்கார்ந்து பேசியிருக்கின்றனவா? மேலே வீசிய பாட்டில் ஓடையில் விழும், ஓடை ஆற்றில் விழும், ஆறு கீழேதான் வரும். கீழே இருப்பவர் கொழிஞ்சாம்பாறைக்காரர். அவரிடம் எவரும் பாஸ் கேட்டு வருவதில்லை.

வழி கண்முன்னே இருக்கிறது. கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் 2021-இலிருந்து நெல்லியாம்பதிக்கும் மளுக்கப்பாறைக்கும் குறைந்த கட்டணச் சுற்றுலா பஸ் விட்டு சீட்டை நிரப்புகிறது. தமிழ்நாட்டு பஸ்ஸும் கேரள பஸ்ஸும் கோபாலபுரம் வழியாகத் தினமும் எல்லை தாண்டுகின்றன. ஆழியாற்றில் ஒரு வாகன நிறுத்தம், மளுக்கப்பாறைப் பக்கம் இன்னொன்று. அதற்கு மேல் வெளியூர்த் தனியார் கார் ஒன்றுகூட ஏறக் கூடாது, அமைச்சர் வீட்டுக் காரானாலும் சரி. அரைமணிக்கொரு பஸ், ஒன்பதாவது வளைவில் பத்து நிமிட நிறுத்தம், ஒவ்வொரு பஸ்ஸிலும் ஒரு மலசர் அல்லது காடர் வழிகாட்டி. இதைச் செய்தால் புதுத்தோட்டத்துக் குரங்கு ரோட்டில் அடிபடுவது குறையும்.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெரியவருக்கும் வால்பாறைக்குத்தான் போக வேண்டும். மகள் அங்கே எஸ்டேட்டில் இருக்கிறாள். பொள்ளாச்சியில் இறங்கி வேறு வண்டி மாற வேண்டும், அதற்குள் வெயில் ஏறிவிடும். மஞ்சப்பையில் முருங்கைக்காயும் கடலையும். பாஸ் எடுத்தீர்களா என்று கேட்டால் சிரிக்கிறார்.

“நமக்கெதுக்குங்க பாஸு? பஸ்ஸு வந்தா போதும்.”